சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம்

சிக்கபேட்டையில் குக்கர் உதிரிப்பாகம் விற்கும்
பன்னீர்தாஸுக்கு ஒரு வெப்சைட் வேண்டும்.
மூன்றை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு போனேன்.

ஒன்று ஊரெல்லாம் வைத்திருப்பது.
எதற்கும் அதில் ஒரு பிளகின் உண்டு,
அந்தப் பிளகினுக்குச் சளி பிடித்தால்
இன்னொரு பிளகின்.
அடுத்தது மாத வாடகை.
இழுத்து வைத்த இடத்தில் பக்கம் உட்கார்ந்துகொள்ளும்.
காலி செய்தால் சாமானை எடுக்க முடியாது,
பூட்டு அவர்களுடையது.
இன்னொன்று நானே கையால் எழுதுவது.
கண்ணிமைக்குமுன் திறக்கும்,
ஆனால் ஒரு விலையை மாற்றவும்
என்னைத்தான் கூப்பிட வேண்டும்.
என் வீட்டு வாடகைக்கு உகந்தது அதுதான்.
இதைப் பன்னீர்தாஸிடம் சொல்லவில்லை.

கடையின் அகலம் இரண்டு ஆள்.
கூரைவரை ஆணிகள்,
ஆணிதோறும் கறுப்பு வளையல்களாய்க் கேஸ்கெட்டுகள்,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு வகை.
"எது நல்லதோ அதப் போடுங்க"
என்றுவிட்டு டீ சொல்லப் போனார்.

ஆனால் அதைத் தினமும் திறக்கப்போவது தில்ஷாத்.
பில் அவள், பார்சல் அவள்,
போனில் வருகிறவர்கள் சொல்லும் பெயரிலிருந்து
சரியான ஆணிக்குப் போய்ச் சேர்வதும் அவள்.
வாஷர் என்பார்கள், ரப்பர் என்பார்கள்,
ரிங்கு, பெல்ட்டு,
ஹாசன்காரர் ஒருவருக்கு வருஷக்கணக்காய் அது 'பட்டி'.
"விசில் வராம மக்கர் பண்ணுதே, அதோடது"
என்கிற அம்மாளிடமும் நிமிராமல் கேட்பாள்,
மூணு லிட்டரா, அஞ்சா?

முதலாவதில் 'ரப்பர்' என்று தேடினாள்.
எதுவும் கிடைக்கவில்லை என்றது.
"இருக்கே" என்று
திரைக்கு ஆணியைக் காட்டினாள்.

வாடகைக்காரனில் 'கொக்கி' என்று அடித்தாள்.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்
விழுந்து கிடந்தன.
கன்னட ஒத்தக்ஷரங்கள் கீழே இறங்க மறுத்து
கியூவில் நின்றன.

திரும்பவும் முதலாவது.
அவளுக்கென்று ஒரு கணக்கு திறக்கச் சொன்னேன்.
பெயர். அடுத்த கட்டத்தில் குடும்பப் பெயர்,
அதன் தலையில் சிவப்பு நட்சத்திரம்.
"எங்க வீட்ல அப்பிடி ஒண்ணு இல்லியே."
எங்கள் வீட்டிலும் இல்லை.
பேங்கில் நான் 'மிஸ் கருப்பண்ணன்',
ரிட்டயர் ஆன என் அப்பாவாகவே
கவுண்டரில் எழுந்து நிற்கிறேன்.
விமான டிக்கெட்டில் என் பெயரே இரண்டு தடவை,
காது கேளாதவரைக் கூப்பிடுவதுபோல.

தில்ஷாத் கொஞ்சம் யோசித்து
'கேஸ்கெட்' என்று அடித்தாள்.
நல்வரவு, தில்ஷாத் கேஸ்கெட்
என்றது திரை, முழு மரியாதையோடு.
வந்த டீயில் பாதி
பில் புத்தகத்தில் கொட்டியது.

அடுத்து, யார் எதைச் செய்யலாம்?
"அவ எழுதட்டும், நான் பாத்து வெளியிடறேன்"
என்றார் பன்னீர்தாஸ்.
அவள் பார்சலுக்குச் சணல் அறுத்துக்கொண்டே சொன்னாள்:
"சனிக்கிழமை ராத்திரி வெல மாறும்.
அப்ப நீங்க மைசூர் பஸ்ல தூங்குவீங்க."
அவர் டம்ளரின் அடியைப் பார்த்தார்.
நான் 'வெளியிடலாம்' என்ற கட்டத்தில் டிக் வைத்தேன்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

கடைசியில் ஊரெல்லாம் வைத்திருப்பதையே போட்டேன்.
நான்கு ராத்திரி உட்கார்ந்து
'மற்ற பெயர்கள்' என்றொரு கட்டம் சேர்த்து,
பட்டியையும் பெல்ட்டையும் உள்ளே விட்டு,
அந்தச் சிவப்பு நட்சத்திரத்தைப் பிடுங்கிப் போட்டேன்.

இரண்டு மாதமாய் அங்கிருந்து போன் இல்லை.
இல்லாமலிருக்கத்தானே செய்தேன்
என்று வாடகைத் தேதியில்
எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று என் குக்கர் ஓரமாய்ச் சீறியது.
பருப்பு வேகவில்லை.
அவர்கள் பக்கத்தைத் திறந்து
வாடிக்கைக்காரியாய் 'ரப்பர்' என்று தேடினேன்.
மூன்று லிட்டர், எண்பத்தைந்து ரூபாய்.
புதன்கிழமை வரும், பழசைக் கழற்றித்
திருப்பிப் போட்டு ஒட்டுங்கள்
என்று கீழே ஒரு வரி.
நான் எழுதிக் கொடுத்ததல்ல.
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்,

கடைசியாகத் திருத்தியவர்:
தில்ஷாத் கேஸ்கெட், இரவு 10.52.